ஏழாவது கேள்விக்கு ஒரு புள்ளி

கிள்ளான்
8.2.2025

அன்புள்ள தங்கை தாமரைக்கு,

அண்ணன் கன்னையா எழுதுகிறேன். நானும் உன் அண்ணி ரமணியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் இயந்திரத்தை இன்னும் காலால்தான் மிதிக்கிறாயா, மோட்டார் போட்டுவிட்டாயா?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். இந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று ரமணி சொன்னாள். நேரில் வர எனக்குத் துணிவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என்னிடம் படித்த விஜயன் என்பவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லோரி கம்பெனியில் பாதுகாப்பு மேலாளராக இருக்கிறார். அங்கே இரும்புக் குழாய், தகட்டுச் சுருள் எல்லாம் ஏற்றுகிறார்கள். போன வருஷக் கடைசியில் ஒரு லோரியில் சரக்கு சரிந்து ஓட்டுநருக்குக் காலில் அடி. அதனால் ஓட்டுநர்களுக்கு விசை, இயக்கம், நிலைமம் பற்றி மூன்று சனிக்கிழமை பாடம் நடத்தித் தரும்படி கேட்டார். எழுபத்தொரு வயதில் எனக்கு இது வேண்டுமா என்று யோசித்தேன். சரி என்று சொல்லியும் விட்டேன்.

பிறகு பெயர்ப் பட்டியல் வந்தது. பதினோராவது பெயர் நம் லோகன், உன் மகன்.

பள்ளியில் நான்காம் படிவத்தில் அவனுக்கு இயற்பியலில் முப்பத்தொன்பது புள்ளி போட்டவன் நான். நாற்பது இருந்தால் தேர்ச்சி. அதோடு அவன் அறிவியல் பிரிவை விட்டுப் போனான். அடுத்த வருஷம் லோரியில் உதவியாளாக, கெலிண்டானாக ஏறிவிட்டான். தேர்வு முடிவு வந்த அன்று என் வீட்டுப் படியிறங்கிய நீ பதினாறு வருஷமாக ஏறவில்லை. அவன் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யார் நின்றார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதிப்படிதான் போட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

அவன் உட்காரும் வகுப்பில் நான் நிற்கலாமா? நீ வேண்டாம் என்றால் விஜயனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன் கன்னையா

*

பிரிக்பீல்ட்ஸ்
3.3.2025

அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். முட்டி வலி இருக்கு, மோட்டார் போட்டாச்சு. அண்ணிய கேட்டதா சொல்லுங்க. எனக்கு ஒங்கள மாதிரி எழுத வராது, பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. படிக்காம தையல் மேசையில போட்டு வச்சிருந்தேன். லோகன்தான் கையெழுத்தப் பார்த்துட்டு, "இது சார் கையெழுத்துல்ல"ன்னான். ஸ்கூல்ல மாமான்னு கூப்பிடக்கூடாது, சார்னுதான் கூப்பிடணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. இன்னும் அப்படியேதான் கூப்பிடறான்.

நீங்க வரலாமான்னு கேட்டேன். "வரட்டும்மா, எனக்கென்ன"ன்னான். அதனால போங்க. ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்ல வேணாம், ஒங்களுக்கு அது வராது.

போன்ல பேச வேணாம். ஒங்க கொரலக் கேட்டா எனக்குக் கோவம் வரும். கடுதாசின்னா பரவால்ல.

தாமரை

*

கிள்ளான்
6.4.2025

அன்புள்ள தாமரைக்கு,

இங்கு இருவரும் சுகம். உன் முட்டிக்கு ரமணி ஒரு தைலம் அனுப்பச் சொன்னாள், தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நேற்று முதல் வகுப்பு நடந்தது. நடந்தது என்று சொல்வதுதான் சரி, நான் நடத்தினேன் என்று சொல்ல முடியாது.

இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் நம்மவர்கள், மீதி மலாய்க்காரர்கள். இரண்டு மொழியிலும் பேச பதினான்கு பக்கம் குறிப்பு எழுதிப் போயிருந்தேன். ஒரு கிளாஸ் மேல் அட்டை, அட்டை மேல் இருபது சென் காசு. அட்டையைச் சுண்டினால் காசு கிளாஸுக்குள் விழ வேண்டும். முப்பத்துநான்கு வருஷம் தவறாமல் விழுந்த காசு நேற்று நான் அட்டையைச் சாய்த்துச் சுண்டியதில் அட்டையோடு பறந்து அலமாரிக்குக் கீழே உருண்டு போய்விட்டது.

குரு என்று ஒருவர், அங்கே எல்லாரையும் விட மூத்த ஓட்டுநர். "சார், காசு எங்க லா போச்சு? அதுக்கும் ஒரு விதி இருக்கா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. லோகன் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வந்து, குனிந்து கையை விட்டுத் துழாவிக் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இந்தாங்க சார்" என்றான். அவ்வளவுதான். ஆள் நன்றாக வளர்ந்திருக்கிறான். நம் அப்பாவின் தோள்.

பிறகு குரு எழுந்து, மூன்று டன் சுருள் தன் கனத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், சின்னச் சாமான்தான் நகரும், இவ்வளவு சங்கிலி எதற்கு என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். போன வருஷம் சரிந்ததும் அப்படி விட்ட சுருள்தானாம். நான் பலகையில் உராய்வு விசையை எழுதி, வேகம் குறைவதை எழுதி, சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போவதைக் காட்டினேன். கனமானதும் லேசானதும் ஒரே நேரத்தில் சறுக்கத் தொடங்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான நிரூபணம் கிடையாது. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வகுப்புக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்
அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
15.4.2025

அண்ணனுக்கு,

தைலம் வந்துச்சு. மணம் தாங்கல, ஆனா வலி கொறையுது. அண்ணிக்கு நன்றி சொல்லுங்க.

காசு கதைய லோகன் என்கிட்ட சொல்லல. நீங்க எழுதித்தான் தெரியும். அவன் அப்படித்தான்.

நீங்க பாதியில நிறுத்தினா நல்லா இருக்காது. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் மவன் பதிமூணு வருஷமா டிரெய்லர் ஓட்டறான். ரோட்டுல ஒரு போல்ட் விழுந்ததில்ல. கம்பெனி கேட்டுக்கிட்ட வந்ததும் திரும்பவும் எறங்கி, ஒவ்வொரு சங்கிலியா கையால இழுத்துப் பார்த்துட்டுத்தான் வெளிய எடுப்பான். அவன் கூட்டாளிங்க என்கிட்டயே, "ஒங்க மவன் ரொம்ப ஸ்லோ லா ஆன்டி"ன்னு சொல்லுவாங்க. எனக்கு அதக் கேட்க நல்லா இருக்கும்.

சாமான் ஏன் நவுருதுன்னு அவனுக்குத் தெரியும். நீங்க பலகையப் பார்த்து நிக்கறீங்க. அவன என்னைக்காவது ஒரு வார்த்த கேட்டிருக்கீங்களா?

தாமரை

*

கிள்ளான்
20.4.2025

அன்புள்ள தாமரைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தையும் வேண்டுகிறோம். நேற்று நடந்ததை இன்றே எழுத வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ எழுதியபடி கேட்டேன். "லோகன், குரு கேட்டதற்கு நீ என்ன சொல்வாய்?" என்றேன். இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது. அவன் எழுந்து நின்றான். பிறகு எல்லாரையும் வெளியே வரச் சொன்னான்.

வெளியே சரக்குத் தள்ளும் ஒரு வண்டி நின்றது. பெரிய பிஸ்கட் டின்கள் இரண்டை எடுத்து வந்தான். ஒன்று காலி. இன்னொன்றில் போல்ட்டும் நட்டும் நிரப்பினான். குருவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான், அவர் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. இரண்டையும் வண்டியின் பின்புறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேகமாகத் தள்ளிக்கொண்டு ஓடி, தரையில் கிடந்த மரக்கட்டையில் சக்கரத்தை மோதவிட்டான். காலி டின்னும் கனமான டின்னும் சேர்ந்து சறுக்கி, சேர்ந்தே முன்கம்பியில் போய் இடித்தன. குரு நம்பவில்லை. அவரே தள்ளிப் பார்த்தார். மூன்று முறை. மூன்று முறையும் அப்படியே.

"அப்ப கனம் ஒண்ணும் காப்பாத்தாதா?" என்றார்.

"காப்பாத்தாது அண்ணே. லோரி நின்னுருச்சு. சாமான யாரும் நிக்கச் சொல்லல. அது பாட்டுக்குப் போவுது. நம்மதான் சங்கிலி போட்டுச் சொல்லணும்."

யாரும் தூங்கவில்லை, தாமரை. ஒரு மலாய்க்கார இளைஞர் அதை மலாயில் சொல்லச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். அதன் பிறகு மீதி வகுப்பை அவனே நடத்தினான் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற விஜயனிடம், "என் தங்கை மகன்" என்று நானாகவே சொன்னேன். அவர் என்னைக் கேட்டிருக்கவில்லை.

நிலைமத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை என்று எழுத வந்தேன். அது உண்மையல்ல. ஒருமுறை படித்திருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
2.5.2025

அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். ஒங்க கடுதாசிய மூணு தடவ படிச்சேன். கடைக்கு ரவிக்க தைக்கக் கொடுக்க வந்த இராஜம்மா அக்காகிட்டயும் படிச்சுக் காட்டினேன். போல்ட்டு டின்ன குரு ரெண்டு கையால தூக்கினாருன்னதும் அவங்களுக்கு ஒரே சிரிப்பு.

லோகன கேட்டா, "சும்மா டின்னு தள்ளினேன்மா, அவ்ளோதான்"ங்கறான். ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டான்.

அது எங்க படிச்சீங்கன்னு பிறகு எழுதறேன்னு எழுதியிருக்கீங்க. எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்.

தாமரை

*

கிள்ளான்
11.5.2025

அன்புள்ள தாமரைக்கு,

இங்கு எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த வாரம் நல்ல மழை. பின்வாசலில் தண்ணீர் ஏறியது, பிறகு வடிந்துவிட்டது. ரமணி வைத்த பாகற்கொடி சாய்ந்துவிட்டது, கம்பு நட்டு நிமிர்த்தினேன். மழை இன்னும் இரண்டு நாள் இருக்கும் என்கிறார்கள்.

நேற்று மூன்றாம் வகுப்பு முடிந்தது. லோகன் வரவில்லை. வேலையாக இருந்திருக்கலாம். மற்றவர்கள் கவனமாகக் கேட்டார்கள். நீ கவலைப்பட எதுவும் இல்லை.

அன்புடன்
அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
14.5.2025

அண்ணனுக்கு,

ஒங்க கடுதாசி இன்னைக்கு வந்துச்சு. பத்து வரியில ஆறு வரி மழையும் பாகற்கொடியும். கவலப்பட ஒண்ணுமில்லன்னு நான் கேட்காமலே எழுதியிருக்கீங்க. அதப் படிச்சாலே யாருக்கும் தெரிஞ்சிடும், ஏதோ இருக்குன்னு.

எனக்கு வெள்ளிக்கிழம ராத்திரியே தெரியும். என் மவன் என்கிட்ட எதையும் மறைக்கமாட்டான். ஷா ஆலம் தாண்டி மழையில ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இவன் லோரிக்கு முன்னால விழுந்துட்டாரு. இவன் பிரேக் அடிச்சான். பின்னால இருவது டன்னு குழாய். ஒண்ணு கழண்டிருந்தாலும் நேரா கேபினுக்குள்ளதான் வந்திருக்கும். ஒண்ணும் வரல. லோரியும் நின்னுச்சு, குழாயும் நின்னுச்சு. அந்த ஆள் எந்திரிச்சு ஓரமா போய் உக்காந்து அழுதிருக்காரு. இவன்தான் பக்கத்துல உக்காந்து தண்ணி கொடுத்திருக்கான். சனிக்கிழம போலீஸ்ல போய் எழுதிக் கொடுத்துட்டு வந்தான். அதுக்குத்தான் வகுப்புக்கு வரல.

அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு அவன் ஒங்கள கேட்டிருக்க மாட்டான். நீங்களா மறைச்சிருக்கீங்க. பயந்தா மறைக்கறது ஒங்களுக்குப் பழக்கம்.

வேற என்ன மறைக்கறீங்க?

தாமரை

*

கிள்ளான்
1.6.2025

அன்புள்ள தாமரைக்கு,

உடம்புக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

நீ சொன்னது சரி. லோகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, விஜயன்தான் சொன்னார். வகுப்பு முடிந்ததும் அவன் டிரெய்லரைப் போய்ப் பார்த்தேன். கீழ்வரிசைக் குழாய்கள் தளத்தில் பதித்திருந்த பழைய அழுக்குக் கோட்டிலிருந்து அளந்தேன். இரண்டு விரல் அளவுகூட நகரவில்லை. ஐந்து சங்கிலி. மூன்று போதும் என்று சொன்னார்களாம். இன்னும் இரண்டு போடாமல் எடுக்கமாட்டேன் என்று அவன் அரைமணி நேரம் நின்றிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு வந்து உனக்கு மழையைப் பற்றி எழுதினேன்.

இனி நீ கேட்டது. என் பழைய புள்ளிக் குறிப்பேடுகள் எல்லாம் இருக்கின்றன. 2009, நான்காம் படிவம், அரையாண்டுத் தேர்வு. ஏழாவது கேள்விக்கு இரண்டு புள்ளி. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால், நிற்கும் பயணிகள் ஏன் முன்னால் விழுகிறார்கள்? அப்போது ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். லோகன் எழுதியதைத் தமிழில் சொன்னால்: "பேருந்து நின்றுவிட்டது. ஆட்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை."

என் குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு நேரே என் கையெழுத்திலேயே இருக்கிறது: நிலைமம் என்ற சொல் இல்லாவிட்டாலும் கருத்து சரியாக இருந்தால் ஒரு புள்ளி. வகுப்பில் நான்கு பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறேன். லோகனுக்கும் முதலில் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தேன். சரியாக நாற்பது வந்தது.

அன்று காலையில்தான் ஆசிரியர் அறையில் ஒருவர், "உங்க மருமவன் எப்படியும் பாஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நாற்பத்தைந்து வந்திருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். சரியாக நாற்பது என்றால் மாமன் தூக்கிவிட்டான் என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது. அந்த ஒன்றை அடித்துச் சைபர் போட்டேன்.

விதிப்படி போட்டேன் என்று உனக்குச் சொன்னது பொய். மற்றவர்களுக்குத்தான் விதிப்படி போட்டேன். என் தங்கை மகனுக்கு மட்டும் பயப்படி போட்டேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அண்ணன் கன்னையா

*

பிரிக்பீல்ட்ஸ்
29.7.2025

அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கீங்க? ரெண்டு மாசமா நான் எழுதலன்னு அண்ணி என் போனுக்குக் கூப்பிட்டாங்க. நீங்க சரியா சாப்பிடறதில்லன்னாங்க. சாப்பிடுங்க.

இதோட லோகனோட அந்தப் பரீட்சத் தாள அனுப்பறேன். அவன் பெறப்புப் பத்திரத்தோட ஒரே பிளாஸ்டிக் உறையில வச்சிருந்தேன். தேட வேண்டிய வேலையில்ல. கையில எடுக்கத்தான் இவ்ளோ நாளாச்சு.

அண்ணே, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா ஒண்ணு போட்டு, அத அடிச்சு, சைபர் போட்டிருந்தா யாருக்கும் தெரியும். தாள் வீட்டுக்கு வந்த அன்னைக்கே பார்த்தேன். அதக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க விதி, விதின்னே பேசினீங்க. தாள மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

நீங்க மார்க் போடலன்னு நான் பேசாம இருக்கல. என் மவன் அந்த ஒரு மார்க்குல நிக்கறவன் இல்ல. லோரி ஓட்டறது எனக்குக் கொறச்சலும் இல்ல. நாப்பதடி டிரெய்லர பின்னாலயே எடுத்துச் சந்துக்குள்ள விடுவான், நின்னு பார்த்தா நெஞ்சு நெறஞ்சு போவும். நீங்களா ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினாறு வருஷம் இருந்தேன்.

இப்ப சொல்லிட்டீங்க. செவப்புப் பேனா இருக்கா?

தாமரை

*

கிள்ளான்
5.8.2025

அன்புள்ள தாமரைக்கு,

இருவரும் சுகம். சாப்பிடுகிறேன்.

தாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஓரம்கூட மடங்காமல் வைத்திருக்கிறாய். என் சிவப்புப் பேனாக்கள் எல்லாம் காய்ந்துவிட்டன, ரமணி கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தாள்.

இத்தனை வருஷம் கழித்துப் புள்ளியைத் திருத்துவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பதிவிலும் இது ஏறாது, யாருடைய சான்றிதழும் மாறாது. ஆனால் தாளில் இருக்கும் பிழை என்னுடையது. பிழையைத் திருத்துவது ஆசிரியரின் வேலை.

முழுத் தாளையும் முதலிலிருந்து மறுபடி திருத்தினேன். மற்ற எல்லாம் சரியாகவே இருந்தது. ஏழாவது கேள்விக்கு வந்தபோது, "ரெண்டையும் போட்டுடுங்களேன்" என்றாள் ரமணி. அந்தச் சொல் இல்லாமல் இரண்டாவது புள்ளி தர முடியாது. தந்தால் அது இரண்டாவது தவறாகிவிடும். சைபரை அடித்து ஒன்று போட்டேன். பக்கத்தில் தேதியும் என் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன். கூட்டுத்தொகை நாற்பது. தேர்ச்சி.

கீழே குறிப்பு எழுதும் இடம் அன்று காலியாக விட்டிருந்தேன். இப்போது அங்கே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். "இந்தப் பாடத்தை இதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை." ஆசிரியர் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. மையில் எழுதிவிட்டேன்.

லோகனுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

அன்புடன்
அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
30.8.2025

அண்ணனுக்கு,

இங்க நல்ல சொகம். முட்டி தேவல, மாடிப்படி ஏறிடறேன்.

ஒரே ஒரு மார்க்குதான் போட்டிருக்கீங்க. கஞ்சம். பதினாறு வருஷத்துக்கு வட்டி கெடையாதான்னு இராஜம்மா அக்கா கேட்டாங்க.

லோகன்கிட்ட காட்டினேன். சாப்பிட்ட கையக் கழுவிட்டு வந்து வாங்கினான். நின்னுக்கிட்டே முழுசும் படிச்சான். கீழ எழுதினத எனக்குப் படிச்சுச் சொல்லுடான்னேன். படிச்சுச் சொன்னான். அப்புறம் சிரிச்சான். "ரெண்டாவது மார்க் தராதது கரெக்ட்தாம்மா. அந்த வார்த்தைய நான் எழுதல"ன்னான். நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான். மாமனுக்கும் மருமவனுக்கும் சங்கிலிய ரெண்டு தடவ இழுத்துப் பார்த்தாத்தான் தூக்கம் வரும்.

கம்பெனிக்கு ஸ்ரீ கெம்பாங்கான்ல இன்னொரு எடம் இருக்காம். அங்க இருக்கற முப்பது டிரைவருக்கு லோகனையே பாடம் நடத்தச் சொல்லியிருக்காங்க. செப்டம்பர் பதிமூணு, சனிக்கிழம. புதுச் சட்ட நான்தான் தைக்கறேன். டின்னு ரெண்டும் வேணாமாம். ஒங்க கிளாஸும் அட்டையும் மாதிரி ஒண்ணு வாங்கி வச்சு, வீட்டுல சுண்டிச் சுண்டிப் பார்க்கறான். அஞ்சுக்கு நாலு தடவ காசு உள்ள விழுது.

நான் போய்ப் பார்க்கப் போறேன். நீங்களும் அண்ணியும் காலைல எட்டு மணிக்கெல்லாம் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன்ல வந்து நில்லுங்க, சேர்ந்து போவோம். போன்ல ஒங்க நம்பருக்குப் போட்ட தடைய இன்னும் எடுத்துவிடல. வரீங்களான்னு கடுதாசியிலேயே சொல்லுங்க, எனக்கு அது பழகிடுச்சு.

நானா கூப்பிடறேன்னு நெனைக்காதீங்க. அவன் சொன்னத அப்படியே எழுதறேன்:

"மாமாவையும் கூட்டிட்டு வாம்மா. மூணாவது வரிசையில உக்காரட்டும். காசு கீழ விழுந்தா எடுத்துத் தர ஆள் வேணும்."

தாமரை